257-ஆவது வட்டுக்கு என்ன எண்? லினக்ஸ் கெர்னலில் சாதன எண்களின் வரம்பு

லினக்ஸ் இயங்கும் கணினியில் ‘டெவ்’ என்ற அடைவை விரிவான பட்டியலாகக் கேட்டுப் பார்த்தால், மற்றக் கோப்புகளுக்கு அளவு அச்சாகும் இடத்தில் காற்புள்ளி இட்ட இரண்டு எண்கள் நிற்பதைக் காணலாம். எதை எழுதினாலும் விழுங்கிவிடும் ‘நல்’ கோப்பின் வரியில் அவை 1, 3. ஸ்கஸி என்ற இணைப்பு முறையில் வரும் முதல் வட்டின் வரியில் 8, 0. இந்த இரண்டு எண்களும் எத்தனை பிட்டுகளுக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எடுத்த முடிவுதான், ஒரு சர்வரில் எத்தனை வட்டுகளைச் சேர்க்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்நுழையலாம், எத்தனைப் பிணையக் கோப்பகங்களை ஏற்றலாம் என்பவற்றையெல்லாம் பல ஆண்டுகள் தீர்மானித்து வந்தது. பிட்டுகளைக் கூட்டினால் தீர்ந்துவிடும் சிக்கலாகவே இது வெளியே தெரியும். ஆனால் பிட்டுகளைக் கூட்டிய பிறகும் சில வரம்புகள் அப்படியே நின்றன. அவற்றின் காரணம் எண்ணின் அகலத்தில் இல்லை, அந்த எண்ணின் மீது ஏற்றப்பட்ட பொருளில் இருந்தது.

சாதன எண் என்றால் என்ன?

யூனிக்ஸ் மரபில் வன்பொருள் சாதனங்களும் கோப்புகளாகவே தோன்றும். வட்டு, முனையம், தொடர் போர்ட் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு கோப்பு உண்டு. அந்தக் கோப்புக்குள் தரவு எதுவும் இருக்காது. அதன் ஐநோடில், அதாவது கோப்பைப் பற்றிய விவரங்களைக் கோப்பு முறைமை வைத்திருக்கும் சிறு பதிவில், நமக்கு முக்கியமான மூன்று செய்திகள் இருக்கும்.

1. வகை: எழுத்துச் சாதனமா, தொகுதிச் சாதனமா என்பது. முனையம், தொடர் போர்ட் போன்றவை முதல் வகை. வட்டுகள் இரண்டாம் வகை.

2. முதன்மை எண்: கோப்பைத் திறக்கும்போது எந்த இயக்கி நிரலை (அந்தச் சாதனத்தைக் கையாளும் நிரலை) அழைக்க வேண்டும் என்பதைக் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மைய நிரலுக்குச் சொல்வது.

3. துணை எண்: அந்த இயக்கி கவனிக்கும் சாதனங்களில் இது எது என்பதைச் சொல்வது. இதற்குக் கெர்னலின் பொதுப்பகுதி எந்தப் பொருளும் கொள்வதில்லை. பொருள் கொள்வது இயக்கியின் வேலை.

கோப்பின் பெயருக்கு இதில் பங்கே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 8, 0 என்ற எண்களோடு எந்தப் பெயரில் தொகுதிச் சாதனக் கோப்பை உருவாக்கினாலும், அதைத் திறந்தால் முதல் ஸ்கஸி வட்டுதான் திறக்கும். ஒரே எண் வகையைப் பொறுத்து இருவேறு சாதனங்களைக் குறிப்பதும் உண்டு: தொகுதிச் சாதனங்களுக்கும் எழுத்துச் சாதனங்களுக்கும் எண்வெளிகள் தனித்தனி.

16 பிட்டுகளின் காலம்

லினக்ஸ் கெர்னலின் 2.4 வரிசை வரையில், சாதன எண் முழுவதும் 16 பிட்டுகளில் அடங்கியது. அதில் 8 பிட்டு முதன்மை எண்ணுக்கு, 8 பிட்டு துணை எண்ணுக்கு. ஆக 256 முதன்மை எண்கள், ஒவ்வொன்றின் கீழும் 256 துணை எண்கள். பெருக்கினால் 65,536 வருகிறது. ஒரு கணினிக்கு இது தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பெருக்கல் தரும் எண்ணிக்கை காகிதத்தில் மட்டுமே உள்ளது. ஓர் இயக்கிக்கு ஒரு முதன்மை எண்ணைக் கொடுத்துவிட்டால், அதன் கீழுள்ள 256 இடங்களும் அதற்கே சொந்தம். அது இரண்டு இடங்களை மட்டும் பயன்படுத்தினாலும் மீதியை வேறொருவருக்குத் தர வழியில்லை. வீணாவது இங்கே தொடங்குகிறது.

ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் வரும் வட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு ஐடிஇ இணைப்புக்கு ஒரு முதன்மை எண். முதல் இணைப்புக்கு 3, இரண்டாவதற்கு 22. ஓர் இணைப்பில் இரண்டு வட்டுகள்தான் பொருந்தும். வட்டு ஒன்றுக்கு 64 துணை எண்கள் ஒதுக்கப்பட்டன: 0 என்பது முழு வட்டு, 1 முதல் 63 வரை அதன் பார்டிஷன்கள், அதாவது வட்டைப் பிரித்த பகுதிகள். இரண்டு வட்டுகளுக்கும் சேர்த்து 128 இடங்கள் போனால், மீதி 128 எப்போதும் காலி.

ஸ்கஸி வட்டுகளில் கணக்கு வேறு. அங்கே வட்டு ஒன்றுக்கு 16 துணை எண்கள் மட்டும் தரப்பட்டன. முழு வட்டுக்கு ஒன்று, பார்டிஷன்களுக்கு 15. முதன்மை எண் 8-இன் கீழ் 256-ஐ 16-ஆல் வகுத்தால் 16 வட்டுகள் கிடைக்கும். பெரிய சேமிப்பக அமைப்புகள் வரத் தொடங்கியதும் 16 வட்டுகள் எந்த மூலைக்கும் போதவில்லை. எனவே 65 முதல் 71 வரையுள்ள ஏழு முதன்மை எண்கள் கூடுதலாக ஒதுக்கப்பட்டு, மொத்தம் 128 வட்டுகள் ஆயின. பின்னர் 128 முதல் 135 வரை இன்னும் எட்டு. ஆக 16 முதன்மை எண்கள், 256 வட்டுகள்.

256 வட்டுகளை ஒரே சர்வரில் யார் வைப்பார்கள் என்ற கேள்வி எழலாம். வட்டுகளை அத்தனை வைக்க வேண்டியதில்லை. பிணையச் சேமிப்பகத்திலிருந்து 100 தருக்க வட்டுகளை ஒரு சர்வருக்குக் கொடுத்து, கம்பி ஒன்று அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக நான்கு பாதைகள் வழியே இணைத்தால், கெர்னல் ஒவ்வொரு பாதையிலும் ஒவ்வொரு வட்டையும் தனிச் சாதனமாகவே பார்க்கும். 100 வட்டுகள் 400 ஆகிவிடும். 256 என்ற வரம்பு அங்கேயே உடைகிறது.

வட்டுகளுக்கு வெளியே இதே நெருக்கடி வேறு இரண்டு இடங்களில் தெரிந்தது.

1. போலி முனையங்கள்: தொலைவிலிருந்து உள்நுழையும் ஒவ்வொருவருக்கும், திரையில் திறக்கும் ஒவ்வொரு முனையச் சாளரத்துக்கும் ஒன்று தேவை. இவற்றுக்காக 136 முதல் 143 வரை எட்டு முதன்மை எண்கள் ஒதுக்கப்பட்டன. 8 × 256 = 2,048. நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்கு இது எட்டாத உயரம் அல்ல.

2. பெயரிலாச் சாதனங்கள்: பிணையக் கோப்பகம், நினைவகக் கோப்பு முறைமை போன்றவற்றுக்குப் பின்னால் உண்மையான வட்டு எதுவும் இல்லை. ஆனாலும் ‘இந்தக் கோப்பு எந்தச் சாதனத்தில் உள்ளது’ என்று நிரல்கள் கேட்கும்போது ஒரு விடை சொல்லியாக வேண்டும். அதற்காக முதன்மை எண் 0-இன் கீழ் ஒரு துணை எண்ணைக் கெர்னல் உருவாக்கிக் கொடுக்கும். துணை எண் 8 பிட்டாக இருந்த காலத்தில் இதன் பொருள், அத்தகைய ஏற்றங்கள் அனைத்தும் சேர்ந்து சுமார் 255-ஐத் தாண்ட முடியாது என்பதுதான். சாதனமே இல்லாத ஒன்று, சாதன எண் தீர்ந்ததால் ஏற மறுத்தது.

எண் கேட்பவர்களுக்குக் கதவடைப்பு

எந்த இயக்கிக்கு எந்த எண் என்ற பதிவேட்டை எச். பீட்டர் ஆன்வின் நீண்டகாலம் பராமரித்துவந்தார். இயக்கி எழுதுபவர் விண்ணப்பிக்க வேண்டும், எண் ஒதுக்கப்படும், அது கெர்னல் ஆவணத்தில் ஏறும். 256 இடங்கள் மட்டுமே உள்ள பதிவேட்டில், விண்ணப்பங்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் முடிவு என்னவாகும் என்பதற்குக் கணக்கு தேவையில்லை.

2001-ஆம் ஆண்டு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் புதிய சாதன எண்களை ஒதுக்குவதையே நிறுத்திவைக்கச் சொன்னார். எண்ணை அகலமாக்கினால் போதும் என்போருக்கு அது எரிச்சலூட்டும் முடிவு. அவருடைய எதிர்பார்ப்போ, எண்களைக் கையால் ஒதுக்கும் முறையே ஒழிந்து, அதைவிட நல்ல வழி ஒன்று இந்த நெருக்கடியிலிருந்து பிறக்க வேண்டும் என்பது. எண் இருக்கும்வரை புது வழியை யாரும் தேடமாட்டார்கள் என்ற அவரது கணிப்பில் நியாயம் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஒரு மாற்று வழி ஏற்கனவே கைவசம் இருந்தது. ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ், சாதனக் கோப்புகளைக் கெர்னலே நேரடியாக உருவாக்கிக் காட்டும் கோப்பு முறைமை. ஆனால் பெயர்களை முடிவுசெய்யும் வேலை கெர்னலுக்குள் வந்தது பலருக்கு ஒப்பவில்லை, 2.6.18-இல், 2006-ஆம் ஆண்டு, அது நீக்கப்பட்டது. அதற்குள் கிரெக் குரோ-ஹார்ட்மன் 2003-இல் தொடங்கிய யூடெவ் நிலைபெற்றுவிட்டது. யூடெவ் ஒரு பயனர் நிரல். சாதனம் தோன்றியதும் கெர்னல் அதன் எண்களை அறிவிக்கும். பெயர் என்ன, உரிமை யாருக்கு என்பதை யூடெவ் விதிகளைப் பார்த்து முடிவுசெய்யும். எண் எதுவாக இருந்தாலும் கவலையில்லை என்ற நிலை இதன் வழியே நடைமுறையில் நிலைபெற்றது.

32 பிட்டுக்கு மாறியதும், எண் துண்டாக்கப்பட்டதும்

2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலில் சாதன எண் 32 பிட்டுகளாக அகன்றது: முதன்மை எண்ணுக்கு 12, துணை எண்ணுக்கு 20. அதாவது 4,096 முதன்மை எண்கள். ஒவ்வொன்றின் கீழும் 10,48,576 துணை எண்கள்.

கெர்னலுக்குள் இந்த அமைப்பு எளிமையானது: மேல் 12 பிட்டு முதன்மை, கீழ் 20 பிட்டு துணை. வெளியே கொடுக்கும்போது அப்படிக் கொடுக்க முடியாது. பழைய 16 பிட்டு எண்கள் கெர்னலுக்கு வெளியே எங்கெங்கோ எழுதப்பட்டுக் கிடந்தன: வட்டிலுள்ள ஐநோடுகளில், கெர்னல் படிமத்தின் தொடக்கத்தில் மூல வட்டின் எண்ணுக்காக விடப்பட்ட இரண்டு பைட்டுகளில், ஆண்டுக்கணக்கில் மறுதொகுப்புக் காணாத நிரல்களுக்குள். 8, 17 என்ற சாதனம் பழைய முறையில் 8 × 256 + 17 = 2,065. புதிய முறையிலும் அது 2,065 ஆகவே இருந்தாக வேண்டும்.

எனவே வெளியே செல்லும் 32 பிட்டு எண்ணில் துணை எண் இரண்டு துண்டாக்கப்பட்டது. அடியில் துணை எண்ணின் கீழ் 8 பிட்டுகள். அதற்கு மேல் முதன்மை எண்ணின் 12 பிட்டுகள். உச்சியில் துணை எண்ணின் மீதி 12 பிட்டுகள். அழகான அமைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சிறிய எண்கள் அனைத்தும் பழைய மதிப்பிலேயே தொடர்ந்தன.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். 256 வட்டுகளுக்குப் பழைய 16 முதன்மை எண்களும் நிரம்பிவிட்டன. 257-ஆவது வட்டுக்குப் புதிய முதன்மை எண் எதுவும் தரப்படவில்லை. அது மறுபடியும் 8-இடமே வந்து, துணை எண் 256-ஐப் பெறுகிறது. அதாவது 8, 256. வெளியே கொடுக்கும் வடிவத்தில் இதன் மதிப்பு 10,48,576 + 2,048 = 10,50,624.

இந்த எண்ணை, 16 பிட்டு மட்டுமே அறிந்த பழைய நிரல் ஒன்று வாங்கினால் என்ன ஆகும்? மேல் பிட்டுகள் உதிர்ந்துபோய் 2,048 மிஞ்சும். 2,048 என்பது 8, 0. முதல் வட்டு! பெரும்பாலும் இயங்குதளமே நிறுவப்பட்டிருக்கும் வட்டு அது. 257-ஆவது வட்டைப் பற்றிக் கேட்ட நிரலுக்கு முதல் வட்டின் அடையாளம் கிடைத்தால், அந்த நிரல் வட்டை அழித்து ஃபார்மட் செய்யும் கருவியாக இருந்தால், விளைவைச் சொல்லத் தேவையில்லை. இதனால்தான் பழைய அழைப்பின் வழியே கேட்கும்போது எண் 16 பிட்டில் அடங்காவிட்டால், கெர்னல் அதை வெட்டிக் கொடுக்காமல் ‘மதிப்பு கொள்ளவில்லை’ என்ற பிழையைத் திருப்புகிறது. தவறான விடையைவிட விடை மறுப்பதே மேல் என்று எடுத்த முடிவு அது.

அகன்ற பிறகும் நின்ற வரம்புகள்

1. *பெயரின் நீளம்.* 32 பிட்டுக்கு மாறிய பின் ஸ்கஸி வட்டு இயக்கியின் வரம்பு சில ஆண்டுகள் 18,278 ஆக இருந்தது. விசித்திரமான இந்த எண்ணுக்கும் பிட்டுகளுக்கும் தொடர்பில்லை. வட்டின் பெயரில் ‘எஸ்டி’ என்பதற்குப் பின் ஆங்கில எழுத்துகள் வரும். ஓர் எழுத்தில் 26 பெயர்கள், இரண்டெழுத்தில் 676, மூன்றெழுத்தில் 17,576. கூட்டினால் 18,278. பெயர்கள் தீர்ந்தன, எண்கள் அல்ல. இந்த வரம்பும் பின்னர் நீக்கப்பட்டது.

2. *4,096 என்பது 512 ஆனது.* 12 பிட்டு 4,096 முதன்மை எண்களுக்கு இடம் தந்தாலும், கெர்னலின் பதிவு நிரல் 512-க்குக் கீழுள்ள எண்களை மட்டுமே ஏற்கிறது.

3. *தானாக ஒதுக்கும் எண்கள்.* இயக்கி ஒன்று ‘எனக்கு ஏதாவது ஓர் எண் கொடு’ என்று கேட்கலாம். எழுத்துச் சாதனங்களுக்குக் கெர்னல் 254-இல் தொடங்கிக் கீழ்நோக்கித் தேடும். இதற்கென விடப்பட்டவை 234 முதல் 254 வரை 21 எண்கள் மட்டும். அவை தீர்ந்தால், வேறோர் இயக்கிக்கு நிலையாக ஒதுக்கிய எண்ணைத் தேடல் எடுத்துக்கொள்ளும் அபாயம் இருந்தது. 2017-இல் 384 முதல் 511 வரை இன்னொரு 128 எண்கள் இதற்காகத் திறந்துவிடப்பட்டன.

4. *15 பார்டிஷன்கள்.* இதுதான் உண்மையில் பாடாய்ப் படுத்தியது, ஆகவே சற்று விரிவாகப் பார்க்கலாம். 2007-ஐ ஒட்டி, ஐடிஇ வட்டுகளைக் கவனிக்கும் பொறுப்பு பழைய இயக்கியிலிருந்து ஸ்கஸி அடுக்கின் வழியே செல்லும் புதிய இயக்கிக்கு மாறியது. வட்டு அதே வட்டு. அதன் பெயரும் எண்ணும் மட்டும் மாறின. 63 பார்டிஷன்களுக்கு இடம் இருந்த வட்டு, மேம்படுத்திய மறுநாள் 15-க்கு மேல் காட்ட மறுத்தது. 16-ஆவது பார்டிஷனில் தரவு பத்திரமாக இருந்தது. அதைத் திறக்க எண்தான் இல்லை. ஒரு வட்டுக்கு 16 துணை எண்கள் என்ற கணக்கு எண்ணின் அமைப்பிலேயே உறைந்துபோயிருந்ததால், 20 பிட்டு துணை எண் கையில் இருந்தும் 17-ஆவது இடத்தை நீட்ட முடியவில்லை. அந்த இடம் அடுத்த வட்டுக்குச் சொந்தம்.

டெஜுன் ஹியோ எழுதிய தீர்வு 2008 டிசம்பரில் 2.6.28-உடன் வந்தது. முதன்மை எண் 259-ஐ எந்த இயக்கிக்கும் தராமல் பொதுவாக வைத்தார்கள். எந்த வட்டிலும் ஒதுக்கிய இடம் தீர்ந்தால், அடுத்த பார்டிஷனுக்கு 259-இன் கீழ் அப்போது காலியாக உள்ள துணை எண் ஒன்று கிடைக்கும். 8, 15 வரை வழக்கமாகச் சென்ற வரிசை, 16-ஆவது பார்டிஷனில் 259, 0 என்று தாவும். அந்த 0-இலிருந்து அது எந்த வட்டு, எத்தனையாவது பார்டிஷன் என்று கணக்கிட்டு அறிய முடியாது. கெர்னலிடம் கேட்டால்தான் தெரியும். எண்ணிலிருந்து பொருளை எடுத்துவிட்டதும் வரம்பும் போய்விட்டது. பின்னால் வந்த என்விஎம்இ வட்டுகள் முழுவதுமே 259-இன் கீழ்தான் வாழ்கின்றன.

போலி முனையங்களும் இதேபோல் விடுபட்டன. இன்று 136 என்ற ஒரே முதன்மை எண் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தாங்கும். நடைமுறையில் முன்னிருப்பு உச்சம் 4,096; நிர்வாகி அதை மாற்றிக்கொள்ளலாம்.

எண் மாறினால் எங்கே உறைக்கும்?

சாதனம் கண்டுபிடிக்கப்பட்ட வரிசைப்படி எண் கிடைக்கும் என்பதன் மறுபக்கம், அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது அதே எண் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பது. இது பெரும்பாலானோரைத் தொடாது. தொடும் இடங்கள் மூன்று.

1. *கூடுதல் காப்புநகல்.* குனு டார் நிரல், மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும் முறையில், ஒவ்வோர் அடைவும் எந்தச் சாதன எண்ணில் இருந்தது என்பதையும் குறித்துவைக்கும். எண் மாறினால் அது புதிய அடைவு என்று முடிவுகட்டி, மாறாத கோப்புகளையும் மறுபடி எடுத்துவிடும். கோப்பு ஒன்றுகூட மாறாத இரவில் காப்புநகல் முழு அளவுக்கு வீங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சாதன எண்ணை ஒப்பிடாமல் விடுவதற்கென்றே அந்த நிரலில் ஒரு விருப்பத் தேர்வு உண்டு.

2. *பிணையக் கோப்பு முறைமை.* என்எஃப்எஸ் சர்வர், கோப்பு ஒன்றைக் கேட்ட கணினிக்கு ஒரு கைப்பிடி தரும். அதில் கோப்பு முறைமையின் அடையாளமும் அடங்கும். அந்த அடையாளம் சாதன எண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், சர்வர் மறுதொடக்கத்தில் எண் மாறியதும் எல்லாக் கைப்பிடிகளும் செல்லாதவை ஆகும். பயனரின் திரையில் ‘காலாவதியான கைப்பிடி’ என்ற பிழை வரும். ஏற்றுமதி அமைப்பில் அடையாள எண்ணை வெளிப்படையாக எழுதிவிட்டாலோ, கோப்பு முறைமையின் தனித்துவ அடையாளமான யூயூஐடியைப் பயன்படுத்தினாலோ இது நேராது.

3. *கண்டெய்னர்கள்.* கண்டெய்னருக்குள், அதாவது ஒரே கணினியில் நிரல்களைத் தனித்துப் பிரித்து இயக்கும் சூழலுக்குள், இயங்கும் நிரல் எந்தச் சாதனத்தைத் தொடலாம் என்ற அனுமதி, பெயரால் அல்லாமல் முதன்மை, துணை எண்களால் எழுதப்படுகிறது. ‘நல்’ 1:3, ‘ஜீரோ’ 1:5, ‘யூரேண்டம்’ 1:9 ஆகியவை எங்கும் நிலையானவை. அவற்றை எழுதிவைப்பதில் தவறில்லை. முதன்மை எண்ணைத் தானாகப் பெறும் இயக்கியின் எண்ணை, இன்று 511 என்று பார்த்துவிட்டு அப்படியே விதியில் எழுதினால், இயக்கிகள் வேறு வரிசையில் ஏறும் நாளில் அனுமதி வேறொரு சாதனத்துக்குப் போய்ச்சேரும். நமக்கு வேண்டியது திறக்காமல் போவது தொந்தரவுதான். தரக்கூடாதது திறப்பது பாதுகாப்பு ஓட்டை. ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘டிவைசஸ்’ கோப்பில், அந்த நேரத்தில் எந்த முதன்மை எண் எந்த இயக்கியிடம் உள்ளது என்ற பட்டியல் இருக்கும். விதியை எழுதும் நிரல், கண்டெய்னரைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதைப் படித்து எண்ணை நிரப்பிக்கொள்ள வேண்டும்.